மழைக்கோட்டுக்கு ஓர் ஆணி

அத்தியாயம் 17

மொட்டைமாடியில் யீச்சென் மட்டும்தான் மிச்சம்.

தகரக்கூரை போட்ட அந்த மாடியை வீட்டுக்காரர் நான்கு தடுப்பறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார். மற்ற மூன்று அறைக்காரர்களும் நேற்றும் முந்தாநாளுமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் போன பெண் கதவைப் பூட்டிக்கொண்டே, "நீ எப்போ கிளம்பற?" என்று கேட்டாள்.

"சாயங்காலம்."

பொய்தான். ஆனால் சொல்வதற்கு எளிதாக இருந்தது.

சந்திரக் கணக்குப்படி இன்று பழைய ஆண்டின் கடைசி நாள். பொழுது சாயும்போது தைபே நகரமே கதவைச் சாத்திக்கொண்டு, நடுவில் அடுப்பை வைத்து, வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும். அந்த வட்டத்தில் இல்லாதவர் என்று ஒருவரும் இருக்கக் கூடாத நாள்.

யீச்சென்னுக்கு எந்த வட்டம் என்பதுதான் தெரியவில்லை.

போன வருஷம் இதே நாளில் தெரிந்திருந்தது. தைச்சுங்கில், இயந்திர உதிரிபாகப் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஜுன்யென்னின் வீட்டில், அவள் புது மருமகள். வயது இருபத்து நான்கு. மாமியார் அவள் கிண்ணத்தில் முதல் துண்டு மீனைப் போட்டாள். எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போதே உள்ளே ஒன்று இருந்தது. யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

கோடையில் அது போயிற்று. இலையுதிர்காலத்தில் விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள். ஒரு வருஷத்துக்குள் மனைவியாகி, தாயாகப் பார்த்து, இரண்டும் இல்லாமலாகி, இந்தத் தகரக்கூரைக்குக் கீழே வந்து சேர்ந்திருந்தாள்.

பிறந்த வீடு கீலுங்கில் இருக்கிறது. பேருந்தில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் போய்விடலாம். ஆனால் அம்மா போன வாரம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்: "ரெண்டாம் நாள் வா. எல்லாப் பொண்ணுங்களும் அன்னிக்குத்தானே வருவாங்க."

கட்டிக்கொடுத்த பெண் கடைசி நாள் சாப்பாட்டைப் பிறந்த வீட்டில் சாப்பிட்டால், அண்ணன் தம்பியின் வளத்தைத் தின்றுவிட்டுப் போய்விடுவாள் என்பார்கள். புது வருஷத்தின் இரண்டாம் நாள்தான் அவள் புருஷனோடு விருந்தாளியாக வர வேண்டும். புருஷன் இல்லாமல் திரும்பி வந்தவளுக்கு எந்த நாள் என்று யாரும் வகுத்து வைக்கவில்லை.

மத்தியானம் கோப்பை நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்தாள். தூறல். கீழே சந்தில் வண்டி எதுவும் இல்லை. எந்த வீட்டிலோ இஞ்சி வதங்கும் வாசனை.

மாடியின் கைப்பிடிச்சுவர் அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை. இத்தனை மாதமாக அதன் பக்கத்தில்தான் துணி உலர்த்துகிறாள். அது இவ்வளவு தாழ்வு என்பது இன்றுதான் கண்ணில் பட்டது. பட்ட பிறகு கண் வேறெங்கும் போகவில்லை.

எவ்வளவு நேரம் நின்றாளோ. உள்ளே வந்து மூடியைத் திறந்தபோது நூடுல்ஸ் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, ஊதி, ஆறிப்போய்க் கிடந்தது.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. அவ்வளவு நேரம் தான் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு, பூட்டுகூடப் போடாமல், படியிறங்கினாள்.

*

கீலுங்கில் அந்த நேரத்தில் அடுக்களை ஜன்னலெல்லாம் ஆவி. யீச்சென்னின் அம்மா சியூமெய் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். மருமகள் பெய்ஷான் சின்ன முக்காலியில் உட்கார்ந்து கடுகுக்கீரையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு முழங்காலில் இடித்தது.

"இந்தக் கட்ட அவுக்கணும். அந்தக் கத்தரிய இப்படித் தள்ளுங்கம்மா."

"கத்தரியத் தொடாத. இப்படிக் குடு, நான் பாத்துக்கறேன்."

"நூல் அறுக்கறதுக்குக்கூடவா? பல்லால கடிச்சுக்கட்டுமா?"

"கடிச்சுக்கோ. பல்லுக்குத் தடை ஒண்ணும் இல்ல."

பெய்ஷான் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் கத்தரிக்கோலைத் தொட்டு ஆறு மாதம் ஆயிற்று. கட்டிலை நகர்த்தியதில்லை. சுவரில் ஒரு குண்டூசிகூடக் குத்தியதில்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கருத்தெய்வம் இன்று கதவில், நாளைக்குச் சுவரில், அடுத்த நாள் கட்டிலில் என்று இடம் மாறி மாறிக் குடியிருக்கும். வெட்டினாலும் குத்தினாலும் அதன்மேல் பட்டுவிடும். மாமியார் இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் சொல்வாள். அதனாலேயே மீற முடியவில்லை.

"யீச்சென் இன்னிக்கு எங்கம்மா சாப்பிடுவா?"

மீன் கழுவும் கை நின்றது.

"தைபேல கடைங்களுக்கா பஞ்சம்?"

"இன்னிக்கு எந்தக் கடைம்மா திறந்திருக்கும்?"

"முக்குக்கு முக்கு விடிய விடியத் திறந்து வெச்சிருக்கானே, அவன் எப்போ மூடினான்?"

"அங்க நின்னுக்கிட்டு சாப்பிடுவாளா?"

சியூமெய் மீன் பக்கம் குனிந்தாள். மீனின் வயிற்றுக்குள் விரலை விட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தை மறுபடி வழித்தாள்.

"வளம் போயிடும்னு பயந்தா வேணாம்மா. உங்க புள்ளையே சொல்லிட்டாரு, தன்கிட்ட இருந்தாத்தானே போறதுக்குன்னு."

"வளத்துக்கு யாரு பயந்தா?" சியூமெய் திரும்பினாள். அவள் பார்வை மருமகளின் முகத்தில் நிற்காமல் வயிற்றுக்கு இறங்கியது. "அவ வயித்துல இருந்ததத் தொலைச்சிட்டு வந்திருக்கா. நீ வயித்துல வெச்சிக்கிட்டு நிக்கற. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இந்த நேரத்துல வேணாம். அவ்ளோதான். நீ பெத்து எடு. அப்புறம் அவள வருஷம் பூரா நானே வெச்சிக்கறேன்."

"அவகிட்ட இதச் சொன்னீங்களா?"

"இத எப்படிடீ சொல்றது? பெத்த பொண்ணுகிட்ட?"

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. சியூமெய் ஓடிப்போய்த் தீயைக் குறைத்தாள். குறைத்துவிட்டு அங்கேயே, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசிக் கீரையையும் அலசி வைத்துவிட்டுப் பெய்ஷான் கேட்டாள். "அம்மா, உள்ள இருக்கறது ரொம்ப நேரம் தூங்குமா?"

"தூங்காம? உன் புருஷன் ஒரு நாள் பூரா தூங்குவான். வெளிய வந்தும் அப்படித்தானே இருக்கான்."

பெய்ஷான் சிரித்தாள். மாமியார் மீன் தட்டோடு முன்னறைக்குப் போன பிறகு சிரிப்பு அடங்கியது. ஈரக் கை மட்டும் வயிற்றின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

*

பேருந்து குகைப்பாதையைத் தாண்டியதும் மழை கனத்தது. கீலுங் எப்போதும் அப்படித்தான். யீச்சென் துறைமுகத்துக்கு எதிரே இறங்கி, மலைப்பக்கத்துப் படிக்கட்டில் ஏறினாள். ஒவ்வொரு வாசலிலும் புத்தாண்டு வாழ்த்து எழுதிய புதுச் சிவப்புத்தாள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஆவி.

பாதி ஏறியதும் கீழ்வீட்டு லின் அத்தை குப்பைப் பையோடு எதிரே வந்தாள்.

"அடியே, யீச்சென்னா? இன்னிக்கே வந்துட்டியா? மாப்பிள்ள எங்க?"

"வெளிநாட்டுல, அத்தை. வேலை." அம்மா சொல்லிக்கொடுத்த பதில்.

"அந்தப் பையன் எப்பப் பாரு வெளிநாடு. பணத்த எண்ணவே ஆள் வெச்சிருப்பான் போல." லின் அத்தை அவள் கையில் பெட்டியைத் தேடுவதுபோலப் பார்த்தாள். பெட்டி இல்லை. சிரிப்பு முகத்திலேயே இருக்க, கண் மட்டும் கணக்குப் போட்டது. "சரி சரி, போ. நனையாத."

வீட்டு வாசலில் அண்ணன் சுங்வே முக்காலி மேல் நின்று சிவப்புத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். வாயில் பசைநாடா. அவளைப் பார்த்ததும் இறங்கினான். ஒரு பக்கம் ஒட்டாத தாள் காற்றில் அடித்துக்கொண்டது.

"வந்துட்டியா."

"ம்."

"சாப்டியா?" கேட்ட பிறகுதான் தான் கேட்டது இன்றைக்கு எப்படி ஒலிக்கும் என்று அவனுக்கு உறைத்தது. நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "ஒரு நிமிஷம் இரு. அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

"நான் வர்றதுக்கு வார்த்த சொல்லணுமாண்ணா?"

"அப்படி இல்லடி."

"வேற எப்படி?"

அவன் உள்ளே பார்த்தான். அவளைப் பார்த்தான். முப்பது வயதுக்காரன், ஆனால் பள்ளிக்கூடத்தில் உடைந்த ஜன்னலுக்கு முன் நிற்கிற பிள்ளையைப் போல நின்றான்.

படியில் அப்பா ஏறி வந்தார். இழுவைப்படகில் காலை முறை முடித்துவிட்டு, எண்ணெய்க்கறை சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக. மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவர் எப்போதும் அதிகம் பேசுகிறவர் இல்லை. இரைச்சல் நடுவே வேலை செய்து பழகியவர், அமைதியில் என்ன செய்வதென்று தெரியாதவர்.

"நனையற" என்றார்.

அவ்வளவுதான். உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

*

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு ஆணிகள். அந்த ஊரில் மழைக்கோட்டு மாட்ட இடம் இல்லாத வீடு கிடையாது. முதலாவது அப்பாவுடையது, பிறகு அம்மா, பிறகு அண்ணன். நான்காவது, சற்றுத் தாழ்வாக, அவளுடையது. பள்ளியில் சேர்ந்த வருஷம் அவள் கைக்கு எட்டும்படி அப்பா அடித்தது.

அதில் இப்போது பெய்ஷானின் மஞ்சள் கோட்டு தொங்கியது.

அதில் தவறு ஒன்றும் இல்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு வந்தவள் பெய்ஷான். காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள். ஆனால் யீச்சென் தன் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நாற்காலி மேல் போட்டால் நாற்காலி நனையும். கீழே போட்டால் தரை. அப்பா, அண்ணன் கோட்டுகளின் மேல் போடலாம். ஏனோ கை வரவில்லை.

அம்மா முன்னறைக்கு வந்தாள். கையில் கிண்ணங்கள். நான்கு.

"ரெண்டாம் நாள்னு சொன்னேனே."

"சொன்ன."

"அப்புறம்?"

"அங்க இருக்க முடியலம்மா."

"ஏன், கூரை ஒழுகுதா?"

"ஒழுகல." மொட்டைமாடிச் சுவரைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படி ஒன்றை எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "தனியா இருக்க முடியல."

சியூமெய் கிண்ணங்களை மேஜையில் வைத்தாள். அடுத்த கணமே அவற்றை வரிசைப்படுத்தினாள். மறுபடி கலைத்தாள்.

"பசியோட வந்திருப்ப. எல்லாத்துலயும் டப்பால போட்டுத் தரேன். மீனு, முள்ளங்கிப் பணியாரம், கோழி, எல்லாம். சூடு ஆறாம துணி சுத்தித் தரேன். அண்ணன் பஸ்ஸு வரைக்கும் வருவான்."

"டப்பா வேணாம்மா."

"உனக்குப் பிடிச்ச நண்டுகூட..."

"மேஜைல உக்காரல. அடுக்களைல உக்காந்துக்கறேன். நீங்க சாப்பிட்டு முடிங்க. சத்தம்கூடப் போட மாட்டேன்."

"அடுக்களையும் இதே கூரைதானேடி."

சொன்ன பிறகு சியூமெய் வாயைப் பொத்திக்கொண்டாள். அது யீச்சென்னின் காதில் மெதுவாகத்தான் இறங்கியது. கூரை. அம்மாவின் கண் ஒரு நொடி அடுக்களை வாசலுக்கு, பெய்ஷான் இருந்த திசைக்குப் போய்த் திரும்பியதையும் பார்த்தாள்.

"அண்ணனோட வளத்துக்காக இல்ல" என்றாள் யீச்சென். "அந்த ஆணிக்காக."

அதை யாரும் மறுக்கவில்லை.

அந்த ஆணி. கல்யாணப் படம் மாதக்கணக்கில் தைச்சுங் வீட்டு அலமாரிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. ஜுன்யென்னுக்குப் பட்டறையை விட்டு வர நேரமில்லை. ஒரு காலையில் அவளே சுத்தியலை எடுத்துப் படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்தாள். அன்று ராத்திரி மருத்துவமனை. மருத்துவர் தொப்புள்கொடி என்றார். வீடு ஆணி என்றது. தொப்புள்கொடி யாருடைய காதிலும் ஏறவில்லை; அவளுடைய காதிலும்தான். மாமியார் அழவில்லை, திட்டவில்லை. படத்தை மட்டும் இறக்கிவிட்டு ஆணியை அப்படியே விட்டுவைத்தாள். கையெழுத்துப் போட்ட நாள்வரை யீச்சென் அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுந்தாள், படுத்தாள்.

"போறேன்" என்று சொல்லி ஈரக் கோட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளப் போனாள். ஒரு கை நுழைந்தது. மறு கைக்குத் துளை கிடைக்கவில்லை. தடவித் தடவிப் பார்த்தாள்.

வீட்டுக்குள் மாடிப்படிக்கு அடியில் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. அப்பாவின் கருவிப்பெட்டி அங்கேதான் இருக்கும்.

பெய்ஷான் வந்தாள். ஒரு கையில் சுத்தியல். இன்னொரு கையில் துருப்பிடித்த நீள ஆணி.

"பெய்ஷான்" என்றாள் சியூமெய். "கீழ வை. கண்ணு, அதக் கீழ வை."

"கோட்டு சொட்டுதும்மா. தர ஈரமானா நான் வழுக்கி விழுவேன். அது மட்டும் பரவாயில்லையா?"

"நான் துடைச்சிடறேன். இப்பவே துடைச்சிடறேன்."

"எத்தன நாளைக்குத் துடைப்பீங்க?"

வாசலில் சுங்வே சிவப்புத்தாளோடு நின்றான். அப்பா ஒரு பூட்ஸைக் கழற்றியபடி நின்றார். மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கையகல இடம். பெய்ஷான் அங்கே ஆணியை வைத்து அடித்தாள். முதல் அடி சறுக்கியது. அடுத்ததில் காரை பெயர்ந்தது. பிறகு ஆணி இறங்கத் தொடங்கியது. ஒவ்வோர் அடிக்கும் சியூமெய்யின் தோள் குலுங்கியது. அடி அவள்மேல் விழுவதுபோல.

அடித்து முடித்துப் பெய்ஷான் ஆணியை ஆட்டிப் பார்த்தாள். யீச்சென்னின் ஒரு கையில் தொங்கிய கோட்டை உருவினாள். மாட்டினாள்.

"நாந்தான் அடிச்சேன்" என்றாள், ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து. "எல்லாரும் பாத்துக்கிட்டீங்க இல்ல? நாந்தான்."

அதை ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

*

மேஜையில் ஐந்தாவது கிண்ணத்தை அப்பா எடுத்து வந்து வைத்தார்.

நடுவில் பாத்திரம் கொதித்தது. மீன்பந்துகள் எழும்பி மிதந்தன. சுங்வே ஒருமுறை, "உப்பு சரியா இருக்கு" என்றான். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

யீச்சென் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சூடு. வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. பேச வேண்டாம், மன்னிக்க வேண்டாம், ஏற்றுக்கொள்ளக்கூட வேண்டாம். இந்தச் சூடு கையில் இருக்கும்வரை அந்தத் தாழ்ந்த சுவர் தொலைவில் இருக்கும்.

சியூமெய் கடுகுக்கீரையைப் பரிமாறினாள். முழுசாக, வெட்டாமல் வேகவைத்த நீளக் கீரை. இன்றைக்கு அதைக் கடிக்கக் கூடாது. நுனியிலிருந்து அடிவரை அறுபடாமல் உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் அப்படிச் சாப்பிட்டால் பெற்றவர்களுக்கு ஆயுசு நீளும். மகனுக்கு ஒன்று வைத்தாள். மருமகளுக்கு ஒன்று. சாப்பாட்டுக் குச்சிகள் பாத்திரத்துக்கு மேலே சற்று நேரம் நின்றன. பிறகு ஒரு கீரை யீச்சென்னின் கிண்ணத்தில் வந்து விழுந்தது. அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யீச்சென் நுனியை வாயில் வைத்தாள்.

அப்போது மேஜைக்கு அடியில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பெய்ஷானின் கை. சில்லென்று இருந்தது.

"திரும்பாத" என்றாள் பெய்ஷான், உதடு அசையாமல். "உனக்கு அப்போ எப்படித் தெரிஞ்சுது?"

வாயில் கீரை. யீச்சென் அதை விழுங்கப் பார்த்தாள்.

"காலைலேருந்து அசையல. தூங்குதுன்னு அம்மா சொன்னாங்க. இவ்ளோ நேரமா தூங்கும்? இனிப்பு சாப்பிட்டேன். குனிஞ்சு நிமிந்து பாத்தேன். நீ உள்ள வந்ததாலதான்னு நாளைக்குச் சொல்லிடுவாங்க யீச்சென். அதான் ஆணிய நானே அடிச்சேன். ஏதாச்சும்னா என்னையே சொல்லட்டும். சத்தம் கேட்டா உதைக்குமான்னும் பாத்தேன்."

சத்தம் கேட்டால் உதைக்குமா என்று.

யீச்சென்னுக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்பியது.

இந்த வருஷம் முழுக்க அவள் எத்தனையோ முறை பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறாள். எப்போது பார்த்தாலும் பார்வை அந்த ஆணியில் போய் முட்டி நின்றுவிடும். அதற்கு முன்னால் ஒரு நாள் இருந்தது என்பதே மறந்துவிட்டது. எல்லோரும் கதையை ஆணியிலிருந்துதான் தொடங்கினார்கள். அவளும் அப்படியே தொடங்கப் பழகிக்கொண்டாள்.

முந்தின நாள் ராத்திரி. பட்டறையில் அழுத்து இயந்திரம் ஓடியது. அந்தச் சத்தத்துக்கு உள்ளிருந்து எப்போதும் ஓர் உதை வரும். அவள் அதற்காகவே காத்துக்கிடப்பாள். அன்று இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. உதை வரவில்லை. மாமியாரிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் முன்னோர் படையல்; மாமியார் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "தூங்கும். நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.

விடிந்து, வீடு படையலில் இருந்தபோது, அவளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அதனால்தான் சுத்தியலை எடுத்தாள். படத்துக்காக இல்லை. சத்தம் கேட்டு அது உதைக்கட்டும் என்றுதான் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆணி அடிக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

யீச்சென் கீரையைக் கடித்தாள். நறுக்கென்று. பாதி கிண்ணத்தில் விழுந்தது. சியூமெய்யின் கண்கள் அதைப் பார்த்து விரிந்தன.

"எந்திரிங்க அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்பவே."

"என்னடி இது?" சியூமெய் கேட்டாள். "என்ன சொல்றா இவ?"

"காலைலேருந்து குழந்த அசையலயாம்."

சுங்வேயின் கையிலிருந்து குச்சிகள் விழுந்தன. சியூமெய்யின் பார்வை முதலில் சுவருக்குப் போயிற்று, அந்தப் புது ஆணிக்கு. பிறகு கடித்த கீரைக்கு. பிறகு மகளின் முகத்துக்கு. எங்கே நிற்பது என்று தெரியாமல் அது அலைந்தது.

"இன்னிக்கா? கடைசி நாள்ல ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா வருஷம் பூரா... சாப்பிட்டு முடிக்கட்டும். தூங்கிக்கிட்டு இருக்கும். நாளைக்குப் பாக்கலாம்."

"அம்மா." யீச்சென் குரலை உயர்த்தவில்லை. "இதே வார்த்தையத்தான் எனக்கும் சொன்னாங்க. நானும் சரின்னு போய்ப் படுத்துக்கிட்டேன். ஆணிக்கு முந்தின நாளே அது நின்னுடுச்சும்மா. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதே இப்பத்தான் எனக்குத் தெரியுது."

பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா எட்டி அடுப்பை அணைத்தார். அந்தச் சாப்பாட்டின் நடுவே யாரும் அடுப்பை அணைக்க மாட்டார்கள்.

"சுங்வே, கீழ ஓடு. வண்டிய நிறுத்து" என்றார். "எந்த வண்டியா இருந்தாலும் நிறுத்து. மீன் வண்டின்னாலும் சரி."

சுங்வே ஒரு கால் செருப்போடு ஓடினான்.

யீச்சென் மஞ்சள் கோட்டை எடுத்துப் பெய்ஷானுக்குப் போர்த்தினாள். பக்கத்து ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்தாள். அது இன்னும் சொட்டுவதை நிறுத்தியிருக்கவில்லை. எந்த மேஜையில் உட்காரத்தான் அவ்வளவு தூரம் வந்தாளோ, அந்த மேஜையில் அவள் சாதம் தொடாமல் இருந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலைத் தாண்டும்போது சியூமெய்யின் குரல் கேட்டது. கல்யாணத்தன்று இதே வாசலில் நின்று, படியிறங்கிப் போன மகளுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் தண்ணீரை வீசி ஊற்றியவள். கொட்டிய தண்ணீர் திரும்பி வராது என்பதற்காக.

"யீச்சென்."

நின்றாள்.

"திரும்பி இங்கதான் வரணும். கேக்குதா? ரெண்டு பேரும்..." சியூமெய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு பேரும்."

படிக்கட்டு வழுக்கியது. யீச்சென் ஒரு படி முன்னால் இறங்கி, திரும்பி, பெய்ஷானின் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு பக்கமும் வீடுகள், மூடிய கதவுகள், உள்ளே வட்டவட்டமாக மனிதர்கள். லின் அத்தையின் ஜன்னலில் ஒரு நிழல் எழுந்து நின்றது. கீழே சாலையில் சுங்வே யாரையோ கூப்பிடும் சத்தம்.

பாதிப் படியில் பெய்ஷான் சட்டென்று நின்றாள். கோட்டுக்குள் இரண்டு கைகளும் வயிற்றில்.

"இரு."

"என்ன அண்ணி? அசைஞ்சுதா?"

"தெரியல." மழை அவள் முகத்தில் வழிந்தது. "அதுவா, என் கை நடுங்குதான்னு தெரியல. நீ வெச்சுப் பாரு."

யீச்சென் தன் கையை வைத்தாள். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.